தள்ளுபடி ஆகாத தள்ளுபடி: மனைவியின் சிபிலும் ஒரு பழைய கல்விக் கடனும்

2024 பிப்ரவரியில் வீட்டுக் கடனுக்கு விண்ணப்பம் போட்டோம். ஒன்பதாவது நாள் வங்கியிலிருந்து போன். "சார், உங்க ப்ரொஃபைல் ஓகே. மேடம் பேரை மட்டும் எடுத்துட்டீங்கன்னா இந்த வாரமே சாங்ஷன் ஆயிடும்."

ஏன் என்று கேட்டேன். "மேடம் சிபில் 584 சார். ரைட்டன் ஆஃப் ஒண்ணு காட்டுது."

"சரி, எடுத்துடுங்க" என்று சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது. மறைக்க விரும்பவில்லை. 20 வருஷமாக சாஃப்ட்வேர் எழுதுகிறவனுக்கு, பிழை தரும் ஒரு வரியை கமென்ட் செய்துவிட்டு மேலே போவது கை வந்த பழக்கம். ஆனால் இங்கே அந்த வரியை எடுத்தால் கூடவே இன்னொன்றும் போகும். பத்திரத்தில் பெயர் இருக்கிறவர் எல்லாரும் கடனிலும் சேர வேண்டும் என்பது பொதுவாக வங்கிகள் வைக்கும் நிபந்தனை. அவள் பெயர் கடனில் இல்லையென்றால் வீட்டிலும் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து அவளும் சம்பாதித்துச் சேர்த்த முன்பணம் அது.

அன்று இரவு சொன்னேன். "ரைட்டன் ஆஃப்னா என்ன?" என்று கேட்பாள் என எதிர்பார்த்தேன். அவள் கேட்டது வேறு. "எந்த வருஷத்துல இருந்துன்னு போட்டிருக்காங்க?"

அடுத்த ஒன்றரை வருஷம் இதைத் தோண்டியதில் சேர்ந்த குறிப்புகள்தான் இந்தக் கட்டுரை. எழுதலாமா என்று கேட்டபோது "எழுதுங்க, ஊர் பேர் மட்டும் வேண்டாம்" என்றாள். வங்கிகளின் பெயரையும் விட்டுவிடுகிறேன்.

முதலில் ஒரு அடிப்படை விஷயம். கணவன் மனைவிக்குச் சேர்த்து ஒரு ஸ்கோர் என்று இந்தியாவில் எதுவும் கிடையாது. கல்யாணம் ஆனதால் அவள் கடன் என் கணக்கில் ஏறாது, என் ஒழுங்கு அவள் கணக்கில் ஏறாது. சட்டப்படியும், நான் கையெழுத்துப் போடாத மனைவியின் கடனுக்கு நான் பொறுப்பில்லை. இருவரும் சேர்ந்து வாங்கிய கடன், ஒருவருக்கு ஒருவர் ஜாமீன் போட்ட கடன், இவை மட்டும் இருவர் அறிக்கையிலும் வரும். ஆகவே மனைவியின் சிபிலை "நான் சரி செய்தேன்" என்று எந்தக் கணவனும் சொல்லிக்கொள்ள முடியாது. கூட உட்கார்ந்து ஃபைல் பிரிக்கலாம், கடிதம் எழுதித் தரலாம். கையெழுத்தும் ஓடிபியும் அவளுடையது.

சிபில் என்பது ஜெராக்ஸ் மாதிரி ஆகிவிட்டது, ஒரு கம்பெனியின் பெயர் பொருளின் பெயராக. 2000-இல் தொடங்கிய நிறுவனம் அது. 2005-இல் கடன் தகவல் நிறுவனங்களுக்கென்றே தனிச் சட்டம் வந்தது. இப்போது ரிசர்வ் வங்கியின் உரிமம் பெற்றவை நான்கு: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க். கடன் கொடுக்கிறவர்கள் நான்கிலும் உறுப்பினராக வேண்டும் என்று 2015-லேயே ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. 2017 ஜனவரியிலிருந்து ஒவ்வொரு நிறுவனமும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். நான்கு நிறுவனம், நான்கு இலவச அறிக்கை. இணையதளங்களில் மாதச் சந்தா பொத்தான் பெரிதாகவும் இலவச அறிக்கையின் சுட்டி எங்கோ மூலையிலும் இருக்கும். பொறுமையாகத் தேடினால் கிடைக்கும். நம் அறிக்கையை நாமே பார்த்தால் ஸ்கோர் குறையும் என்பது வெறும் வதந்தி. கடன் கேட்டு வங்கி வங்கியாக ஏறி, அவர்கள் ஒவ்வொருவரும் எடுத்துப் பார்த்தால்தான் குறையும்.

நான்கையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். மூன்று வரிகள் சிக்கலாக இருந்தன. ஒரு கல்விக் கடன், 2007-இல் வாங்கியது, ரைட்டன் ஆஃப். ஒரு கிரெடிட் கார்டு, 23,000 ரூபாய்ச் சொச்சம் பாக்கி. ஒரு டூவீலர் கடன், நான்கில் ஒரே ஓர் அறிக்கையில் மட்டும். என் மனைவிக்கு சைக்கிள் தவிர வேறு எதுவும் ஓட்டத் தெரியாது.

டூவீலரில் தொடங்குகிறேன், என் தொழிலுக்குப் பக்கத்தில் இருக்கிற விஷயம் என்பதால். வங்கிகள் அனுப்பும் கோடிக்கணக்கான வரிகளில் எந்த வரி எந்த ஆளுடையது என்று மென்பொருள்தான் பொருத்துகிறது. பெயர், பிறந்த தேதி, பான், போன், முகவரி, இவற்றில் எத்தனை ஒத்துப்போகிறது என்று பார்த்து முடிவு செய்யும். நம் ஊர்ப் பெயர்கள் இந்த வேலைக்கு எமன். நமக்கு இனிஷியல் உண்டு, குடும்பப் பெயர் கிடையாது. கல்லூரியில் அப்பா இனிஷியல். பான் கார்டில் அந்த இனிஷியல் விரிந்து கடைசிப் பெயராக உட்கார்ந்துவிடும். கல்யாணத்துக்குப் பிறகு சில இடங்களில் கணவன் இனிஷியல். என் மனைவி ஐந்து ஆவணங்களில் நான்கு விதமாக இருக்கிறாள். 2007-இல் கடன் வாங்கியபோது அவளுக்கு பானே இல்லை. அப்படியிருந்தும் கல்விக் கடன் அவள் அறிக்கையில் சரியாக வந்து சேர்ந்திருக்கிறது, பெயரையும் பிறந்த தேதியையும் வைத்து. அதே தளர்வான பொருத்தம்தான் அதே பெயரும் அதே பிறந்த தேதியும் கொண்ட இன்னொரு பெண்ணின் டூவீலரையும் இவள் தலையில் கட்டியிருக்கிறது. பொருத்தத்தை இறுக்கினால் உண்மையான கடன்கள் நழுவும், தளர்த்தினால் அடுத்தவர் கடன் ஒட்டும். நான் எழுதியிருந்தாலும் இதே பிழை வந்திருக்கும் என்பதால் கோபப்பட முடியவில்லை.

இதைச் சரி செய்வது சுலபம். அந்த நிறுவனத்தின் தளத்தில் 'இந்தக் கணக்கு என்னுடையதல்ல' என்று புகார் பதிந்து, பான் நகல் கொடுத்தோம். 26 நாளில் வரி மறைந்தது. ஒன்றை மட்டும் கவனித்தேன். கடன் தகவல் நிறுவனம் தானாக எதையும் மாற்றாது. புகாரைக் கடன் கொடுத்தவருக்கு அனுப்பி, அவர் 'ஆமாம், தப்புதான்' என்று சொன்னால்தான் மாற்றும். பின்னால் இது எங்களுக்கு ஒரு மாதத்துக்கும் மேலாகப் படுத்தப்போகிறது என்பது அப்போது தெரியாது.

கிரெடிட் கார்டு கதை பலர் வீட்டில் நடந்தது. முதல் வேலையில், சம்பளக் கணக்கோடு "லைஃப் டைம் ஃப்ரீ" என்று கொடுத்த கார்டு. அவள் பயன்படுத்தவே இல்லை. எந்த வருஷத்திலோ ஆண்டுக் கட்டணம் என்று 500 ரூபாய் ஏறி, அதற்கு வட்டி, தாமதக் கட்டணம், அதற்கு வரி, மறுபடி வட்டி. மாதத்துக்கு மூன்றரை சதவீதம் என்றால் வருஷத்துக்கு 42. அது கூட்டு வட்டியாக வேறு ஓடும். நல்லவேளையாக, கார்டை மூடச் சொல்லி அவள் அனுப்பிய மின்னஞ்சல் பழைய இன்பாக்ஸில் இருந்தது. அதை இணைத்து வங்கியின் குறைதீர் அதிகாரிக்கு எழுதினோம். "5,000 கட்டிடுங்க மேடம், முடிச்சுடலாம்" என்று போனில் ஒருவர் சொன்னார். கட்டவில்லை. 5,000 கட்டினால் அது 'செட்டில்ட்' ஆகும், அதாவது பாக்கி இருந்தது உண்மை, குறைத்து வாங்கிக்கொண்டோம் என்று பொருள். கட்டணமே தவறு, திருப்பிக்கொள்கிறோம் என்று எழுத்தில் வர வேண்டும் என்று நின்றோம். இரண்டு மாதம் ஆனது, வந்தது.

மிச்சம் இருந்தது கல்விக் கடன். அது பொய்யும் இல்லை, ஊதிப்பெருத்ததும் இல்லை. உண்மையான கடன்.

என் மாமனார் கொங்குப் பக்கத்தில் ஒரு தறி ஊர்க்காரர். ஆறு விசைத்தறி வைத்திருந்தார். மகள் பிஇ படிக்க 2007-இல் 2,40,000 ரூபாய்க் கல்விக் கடன். 4 லட்சம் வரை சொத்து ஜாமீன் கேட்கக் கூடாது என்பது திட்டம். மகளும் அப்பாவும் சேர்ந்து கையெழுத்து. படிப்பு முடிந்து ஒரு வருஷம் கழித்து, 2012 ஜூனில் தவணை ஆரம்பித்தது. மாதம் 5,800 ரூபாய். அவள் பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்து மாதம் 6,000 அப்பாவுக்கு அனுப்புவாள், அவர் ஊரில் கட்டிவிடுவார். எங்கள் கல்யாணம் 2015 நவம்பர். அதுவரை அனுப்பினாள். அதற்குப் பிறகு, "நான் பாத்துக்கறேன், நீ குடும்பத்தப் பாரு" என்று அவர் சொல்லிவிட்டார். 2019-இல் இறந்துபோனார்.

கட்டவில்லையோ என்ற சந்தேகம் அவளுக்கு இருந்திருக்கிறது. ஒருமுறை ஊருக்கு வந்த கடிதத்தைப் பார்த்திருக்கிறாள். "அதெல்லாம் தள்ளுபடி ஆயிருச்சு" என்றிருக்கிறார் மாமனார். என்னிடம் சொல்லவில்லை. ஏன் என்று நானும் கேட்கவில்லை. மாப்பிள்ளை வீட்டில் கடன் பேச்சு எடுக்கக் கூடாது என்று வளர்ந்தவள்.

இந்தத் 'தள்ளுபடி' என்ற சொல்லில்தான் எல்லாச் சிக்கலும் இருக்கிறது என்று இப்போது நினைக்கிறேன். ஜவுளிக்கடையில் ஆடித் தள்ளுபடி. நீதிமன்றத்தில் மனு தள்ளுபடி. அரசு விவசாயக் கடனை ரத்து செய்தால் அதுவும் தள்ளுபடி. வங்கி தன் வாராக் கடனை ரைட் ஆஃப் செய்தால், நம் பத்திரிகைகள் அதற்கும் தள்ளுபடி என்றுதான் தலைப்புப் போடுகின்றன. 90 நாளுக்கு மேல் தவணை வராத கடன் வாராக் கடன். பிறகு அதற்கு முழு ஒதுக்கீடு செய்துவிட்டு, வங்கி தன் சொத்துப் பட்டியலிலிருந்து அதை எடுத்துவிடுகிறது. இது வங்கியின் வரவு செலவைச் சுத்தமாக்கும் வேலை. கடன் வாங்கியவருக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அவர் பாக்கி அப்படியே இருக்கும், வசூலும் தொடரும். ரத்து என்பது ஒன்று, ஏட்டிலிருந்து எடுத்துவைப்பது வேறு. தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல்.

மாமனார் அதை நம்பியதில் ஆச்சரியம் இல்லை. 2006-இல் தமிழ்நாட்டில் கூட்டுறவுப் பயிர்க் கடன் தள்ளுபடி ஆனதையும், 2008-இல் மத்திய அரசு விவசாயக் கடனைத் தள்ளுபடி செய்ததையும் பக்கத்துத் தோட்டக்காரர்களிடம் நேரிலேயே பார்த்தவர். ஒழுங்காகக் கட்டி முடித்தவன் ஏமாளி, இழுத்தவன் பிழைத்தான் என்ற பாடம் அந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும். தேர்தல் வந்தால் கல்விக் கடன் தள்ளுபடி என்ற பேச்சும் கூடவே வரும். காத்திருந்திருக்கிறார்.

வங்கிக் கிளையில் கணக்கு அறிக்கை கேட்டு வாங்கினோம். மூன்று பக்கம். கடைசியாகப் பணம் வரவான தேதி 2014 ஜூன். என் மனைவி அந்த வரியில் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தாள். 2014 ஜூலை முதல் 2015 நவம்பர் வரை 17 மாதம், மாதம் 6,000. 1,02,000 ரூபாய். அந்த வருஷங்களில்தான் இரண்டு தறியை விற்றிருக்கிறார்கள், தம்பியை பாலிடெக்னிக்கில் சேர்த்திருக்கிறார்கள். "தறிக்குப் போயிருக்கும்" என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்தத் தொகையைப் பற்றி அவள் பேசியதில்லை. அத்தையிடம் கேட்கவும் என்னை விடவில்லை.

இனி சட்டம். ஒரு வக்கீல் நண்பரிடம் போனேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "ஏதாவது கையெழுத்துப் போட்டுக் கொடுத்தீங்களா?" இல்லை என்றதும் நிம்மதியாக நாற்காலியில் சாய்ந்தார்.

1963-ஆம் வருஷத்துக் காலவரையறைச் சட்டப்படி, இது மாதிரி பணக் கடனுக்கு வழக்குப் போட மூன்று வருஷம்தான் கெடு. அடமானம் இருந்தால் 12 வருஷம். கெடு முடிவதற்குள் கடனை ஒப்புக்கொண்டு எழுத்தில் கையெழுத்துப் போட்டாலோ, ஒரு பகுதியைக் கட்டி அதற்குக் கையெழுத்து இருந்தாலோ, மூன்று வருஷம் மறுபடி முதலிலிருந்து ஓடும். கெடு முடிந்த பிறகும், 'கட்டுகிறேன்' என்று எழுதிக் கையெழுத்திட்டால் 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தின் 25-ஆவது பிரிவு அதைப் புது ஒப்பந்தமாகவே எடுத்துக்கொள்ளும். வசூலுக்கு வருகிறவர்கள் "சும்மா நல்லெண்ணத்துக்கு ஒரு அஞ்சாயிரம் கட்டுங்க, இந்த ஃபாரத்துல ஒரு கையெழுத்து" என்று கேட்பது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது. பேசுவதில் தப்பில்லை. முழுத் திட்டம் கையில் இல்லாமல் பேனாவை எடுப்பதில்தான் ஆபத்து. சேர்ந்து கடன் வாங்கிய இருவரில் ஒருவர் போட்ட கையெழுத்து, அந்த ஒரே காரணத்துக்காக மற்றவரைக் கட்டுப்படுத்தாது என்றும் அந்தச் சட்டத்தில் இருக்கிறது. மாமனார் ஏதாவது எழுதிக் கொடுத்திருந்தால்கூட இவளுக்கு அது கெடுவை நீட்டாது.

ஒரு கிளைக் குறிப்பு. அப்பன் கடனை மகன் அடைக்க வேண்டியது தர்மக் கடமை என்று பழைய இந்து சட்டம் சொன்னது, நீதிமன்றங்களும் அதை ஏற்றுவந்தன. 2005-இல் இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது, புதிதாக வாங்கும் கடன்களுக்கு அந்தக் கடமையை எடுத்துவிட்டார்கள். இப்போது வாரிசுகள் தாங்கள் அடைந்த சொத்தின் அளவுக்குத்தான் பொறுப்பு. எங்கள் விஷயத்தில் அது உதவாது. மகளே கடனாளிகளில் ஒருத்தி.

"ஆக, வங்கி கேஸ் போட்டா நிக்காது. விட்டுடுங்க" என்றார் நண்பர்.

இங்கேதான் நான் குழம்பினேன். என்னைப் போலப் பலரும் குழம்பியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். மூன்று தனித்தனிக் கடிகாரங்கள் ஓடுகின்றன. நீதிமன்றத்தின் கடிகாரம் மூன்று வருஷத்தில் நின்றுவிடும். ஆனால் அது வழக்குப் போடும் வழியை மட்டும் அடைக்கிறது, கடனை அழிப்பதில்லை. 1992-இல் பஞ்சாப் நேஷனல் வங்கி வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. கெடு தாண்டிய கடனுக்கு, ஜாமீன்தாரர் ஈடாகக் கொடுத்திருந்த வைப்புத்தொகையை வங்கி எடுத்துக்கொண்டது செல்லும் என்று தீர்ப்பு. அதாவது வங்கியின் ஏட்டுக் கடிகாரம் நிற்கவே நிற்காது. மூன்றாவது, கடன் அறிக்கையின் கடிகாரம். "ஏழு வருஷம் ஆனா சிபில்ல தானா அழிஞ்சிரும்" என்று டீக்கடை வரை எல்லாரும் சொல்கிறார்கள். விதி சொல்வது தலைகீழ். தகவலைக் குறைந்தது ஏழு வருஷம் வைத்திருக்க வேண்டும். ஏழில் அழிக்க வேண்டும் என்று இல்லை. பாக்கி நிற்கும் கணக்கை வங்கி மாதாமாதம் புதுப்பித்து அனுப்பிக்கொண்டே இருந்தால் அது பழசாவதே இல்லை. பத்து வருஷம் கழித்தும் எங்கள் வரி பசுமையாக இருந்தது அதனால்தான்.

சுவரில், பஸ் ஸ்டாப்பில் "சிபில் சரி செய்து தரப்படும்" என்று ஒட்டியிருக்கிறார்களே, அவர்களில் ஒருவரிடமும் பேசிப் பார்த்தேன். 15,000 ரூபாய், 45 நாளில் ரைட்டன் ஆஃப் டெலிட். எப்படி என்றால் சொல்லவில்லை. ஓடிபி வந்தால் சொல்ல வேண்டுமாம். டூவீலருக்கு நாங்கள் இலவசமாகப் போட்ட அதே புகாரை அவர்களும் போடுவார்கள், வேறு வழி கிடையாது. உண்மையான கடனுக்கு வங்கி 'சரியான தகவல்தான்' என்று பதில் சொல்லும். பணம் போனது போனதுதான்.

நாங்கள் வங்கியிடம் எழுத்தில் கேட்டது ஒன்றே: கணக்கை முடிக்க எவ்வளவு? இதற்கு முன்பு பார்க்க வேண்டியது, கடன் இன்னும் அந்த வங்கியிடம்தான் இருக்கிறதா என்பது. பல வங்கிகள் இப்படிப்பட்ட கடன்களை மொத்தமாகச் சொத்து மறுசீரமைப்பு நிறுவனங்களுக்கு விற்றுவிடும். விற்றிருந்தால் பழைய வங்கியில் பேசிப் பயனில்லை. எங்களுடையது வங்கியிடமே இருந்தது. பதில் வந்தது: ஏட்டுப் பாக்கி 2,61,000. பதிவு செய்யாத வட்டியும் சேர்த்தால் 5,68,000. ஒரே தவணையில் சமரசமாக முடித்தால் 2,35,000.

சமரசம் என்றால் அறிக்கையில் 'செட்டில்ட்'. முழுதும் கட்டினால் 'க்ளோஸ்ட்'. ஒரு சொல்லுக்கு 3,33,000 ரூபாய் வித்தியாசம்.

எக்செல் திறந்தேன். 2019 அக்டோபரிலிருந்து வீட்டுக் கடன் வட்டியை ரெப்போ போன்ற வெளி அளவோடு இணைக்கிறார்கள். அதற்கு மேல் வைக்கும் கூடுதல் ஸ்கோரைப் பொறுத்து மாறும். 45 லட்சம், 20 வருஷம். எட்டரை சதவீதத்துக்கு மாதம் 39,052. ஒன்பதுக்கு 40,488. வித்தியாசம் மாதம் 1,436, மொத்தம் 3,44,640. ஏறக்குறைய அதே தொகை. ஆனால் அது 20 வருஷத்தில் சிறுகச் சிறுகப் போகும் பணம், இது இன்றே கொடுக்கும் பணம். கணக்குப்படி சமரசம்தான் லாபம். 'செட்டில்ட்' என்றால் சில வங்கிகள் கதவையே திறக்காது என்பது மட்டும் எதிர்ப்பக்கம்.

அவளிடம் காட்டினேன். நண்பர் சொன்னதையும், கட்டாமலே விடலாம் என்பதையும் சொன்னேன். "இது அப்பா வாங்கின கடன் இல்லைங்க. நான் படிச்ச கடன். அதுலதான் இன்னிக்கு சம்பளம் வாங்கறேன். முழுசாக் கட்டிடலாம்." தன் சீட்டுப் பணம், வைப்புத்தொகை எல்லாம் சேர்த்து அவளே கட்டினாள். என்னிடம் வாங்கவில்லை.

அவள் முடிவு சரியா என்று இன்றைக்கும் எனக்குத் தெளிவில்லை. அவளுக்குச் சரி. ஆனால் கையில் பணம் இல்லாத ஒருவர், முழுதும் கட்டுவதற்காகத் தங்கத்தை அடகு வைத்தோ வட்டிக்கு வாங்கியோ நிற்கக் கூடாது. சமரசம் செய்து எழுத்தில் வாங்கிக்கொள்வது கேவலம் இல்லை. பின்னால் வசதி வந்தபோது, விட்டுக்கொடுத்த தொகையையும் கட்டி 'க்ளோஸ்ட்' என்று மாற்றித்தரும்படி வங்கியிடம் கேட்டுப் பார்க்கலாம்.

பணம் கட்டும் முறையில் ஒரு பிடிவாதம் வேண்டும். தொகை, கடன் கணக்கு எண், கட்டியதும் பாக்கி ஏதுமில்லை என்ற உறுதி, நான்கு நிறுவனங்களுக்கும் 'க்ளோஸ்ட்' என்று தெரிவிப்போம் என்ற வாக்கியம், எல்லாம் வங்கியின் கடிதத்தாளில் வந்த பிறகுதான் பணம். அதுவும் நேரே கடன் கணக்குக்கு. இடையில் ஒரு வசூல் முகவர் போன் செய்து தன் ஜிபேவுக்குப் போடச் சொன்னார். அதுவும் இரவு எட்டரைக்கு. காலை 8-க்கு முன்னும் மாலை 7-க்குப் பின்னும் வசூலுக்கு அழைக்கக் கூடாது என்பது 2022-இலிருந்து ரிசர்வ் வங்கி உத்தரவு. அதைச் சொன்னதும் வைத்துவிட்டார். 2024 ஆகஸ்டில் கட்டினாள். பாக்கியில்லாச் சான்று வாங்க நான்கு நடை.

சான்று வந்தும் அறிக்கை மாறவில்லை. செப்டம்பரில் புகார் போட்டோம். கடன் தகவல் நிறுவனம் வங்கியைக் கேட்டது, வங்கி பதில் சொல்லவில்லை. இங்கே ஒரு புது விதி கை கொடுத்தது. 2023 அக்டோபரில் வந்து 2024 ஏப்ரல் 26-இலிருந்து நடைமுறையில் இருக்கும் உத்தரவு அது: புகார் கொடுத்த 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால், அதன் பிறகு ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு. வங்கிக்கு 21 நாள், அதற்குள் அது தகவலைத் திருத்தி அனுப்பிவிட வேண்டும். தாமதம் யாருடையதோ அவர் கொடுக்க வேண்டும். இந்த உத்தரவைக் குறிப்பிட்டு, ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளரிடம் போவோம் என்று எழுதினோம். 53-ஆவது நாள் வரி மாறியது. அடுத்த வாரம் அவள் கணக்கில் 2,300 ரூபாய் வரவு. 5,68,000 கட்டியவளுக்கு அந்த 2,300-இல் இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. அன்று ஓட்டலுக்குப் போனோம்.

கட்டிவிட்டால் வரலாறு அழியாது, நிலை மட்டும்தான் மாறும். பழைய தாமத நாட்களின் கட்டங்கள் அப்படியே இருக்கும். அவற்றுக்குப் பக்கத்தில் புதிதாக நல்ல கட்டங்கள் சேர வேண்டும், அதற்குக் காலம்தான் வேண்டும். 25,000 ரூபாய் வைப்புத்தொகையின் பேரில் ஒரு கிரெடிட் கார்டு வாங்கினாள். அதில் மளிகையும் கரண்ட் பில்லும் மட்டும், வரம்பில் மூன்றில் ஒரு பங்குக்குள். 'குறைந்தபட்சத் தொகை' என்ற வலையில் விழாமல் முழுத் தொகையும் கெடுவுக்கு முன்பே. புதுக் கடன் எதுவும் கேட்கவில்லை. 2025 ஜனவரியிலிருந்து வங்கிகள் 15 நாளுக்கு ஒருமுறை தகவல் அனுப்ப வேண்டும் என்று ஆனதால், மாற்றங்கள் முன்பைவிடச் சீக்கிரம் தெரிகின்றன. கார்டு வரி மறைந்தபோது 611, கல்விக் கடன் முடிந்த பிறகு 668, 2025 செப்டம்பரில் 731.

வீட்டுக் கடன் அதற்கப்புறம்தான், இருவர் பெயரிலும். வேறு வங்கி. முதலில் பார்த்த வீடு போய்விட்டது, இது கொஞ்சம் சின்னது. பத்திரத்தில் அவள் பெயர் முதலில்.

ஜனவரி பிறந்ததும் எல்லார் அறிக்கையையும் எடுப்பது இப்போது வீட்டு வழக்கம். இந்த வருஷம் அத்தையுடையதையும் எடுத்தோம். சுய உதவிக் குழுக் கடன் ஒன்றில் ஒரு தவணை 31 நாள் தாமதம் என்று காட்டுகிறது. அத்தை உள்ளே போய், மஞ்சள் பையிலிருந்து அந்த மாதத்து ரசீதை எடுத்துக்கொண்டு வந்தார். தேதி சரியாக இருக்கிறது. அந்தப் புகாரை இந்த ஞாயிற்றுக்கிழமை பதிய வேண்டும்.